1026-ஆம் எண்

கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஐந்து வருடத்தில் பத்துக் கட்டடங்களாவது வடிவமைத்துவிடுகிறார். முதலில் ஒரு பேருந்து நிழற்குடை, பிறகு மழலையர் பள்ளி, நூலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, கடைசி வருடத் தீசிஸுக்கு ஒரு கலாசார மையமோ விமான நிலையமோ. இதில் ஒன்றுகூடக் கட்டப்படப்போவதில்லை. இது மாணவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு வெளியிலிருந்து வந்து உட்காரும் கட்டடக்கலைஞருக்கும் தெரியும். தெரிந்தும், மாடிப்படி எந்தப் பக்கம் ஏறவேண்டும் என்பதற்காக அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை.

அந்த ஷீட்டுகள் பிறகு என்ன ஆகின்றன? கொஞ்ச நாள் விடுதி அறையின் அலமாரி மேல் கிடக்கும், அப்புறம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். தெர்மாகோல் மாடல்களின் கதி இன்னும் மோசம். வேலை தேடும்போது காட்டுவதற்கென்று நாலைந்து மட்டும் போர்ட்ஃபோலியோவில் தங்கும். அதைப் புரட்டும் அலுவலகம், வந்திருக்கும் பிள்ளைக்குக் கணினியில் கை எவ்வளவு வேகம் என்று பார்க்குமே தவிர, அந்த நூலகத்தில் யார் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று கேட்பதில்லை.

இந்தப் பொதுவிதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. வகுப்புக்காகச் செய்த பயிற்சி ஒன்று, ஏறக்குறைய மாணவி வரைந்தபடியே, இரண்டே வருடத்தில் அமெரிக்கத் தலைநகரின் நடுவே நிஜமானது. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர்வீரர் நினைவுச்சின்னம்தான் அது. அதற்கான பொதுப் போட்டியில் தேர்வானபோது, அதை வரைந்த மாணவி மாயா லின்னுக்கு 21 வயது, இளநிலைப் படிப்பின் கடைசி மாதம். கட்டடக்கலை ஆசிரியர்கள் பலரும் இந்தக் கதையைச் சொல்வார்கள், ‘பார், நீயும் சாதிக்கலாம்’ என்ற தொனியில். அந்தத் தொனி எனக்கு உவப்பில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்த்ததை வைத்து மிச்சப் பேருக்குத் தெம்பூட்ட முடியாது. ஆனால் ஒரு மாணவரின் வடிவமைப்பு காகிதத்திலிருந்து மண்ணுக்குப் போகும் வழியில் எதை இழக்கிறது, எதைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பார்க்க, எனக்குத் தெரிந்து இவ்வளவு தெளிவான சாட்சியம் வேறில்லை.

1980-ஆம் ஆண்டு, யேல் பல்கலைக்கழகம். இளநிலை மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாவுக்காகக் கட்டுவதுதான் பாடம்: கல்லறை, சமாதி, நினைவுத்தூண். நடத்தியவர் ஆண்ட்ரஸ் பர். அந்த வகுப்பில் மாயா லின் முதலில் செய்தது மூன்றாம் உலகப் போருக்கான நினைவிடம். பூமிக்கடியில் இறங்கும் சமாதி மாதிரியான ஓர் அமைப்பு. உள்ளே போகிறவருக்கு எரிச்சலும் விரக்தியும் மட்டுமே மிஞ்சவேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார். ஆசிரியருக்குக் கோபம். என் சகோதரன் அந்தப் போரில் செத்திருந்தால் நான் இந்த இடத்துக்கு வரவே மாட்டேன் என்றார். மாணவிக்கோ குழப்பம். மூன்றாம் உலகப் போர் நடந்து முடிந்தால் பார்க்க வருவதற்கு யார் மிஞ்சியிருக்கப்போகிறார்கள்?

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் கேட்டதுதான் ஜூரியில் கேட்கவேண்டிய ஒரே கேள்வி என்பேன்: இங்கே யார் வருவார், எதற்காக வருவார்? நம் ஜூரிகளில் வேறு பேச்சுத்தான் ஓடும். ‘கான்செப்ட் என்ன?’ என்போம். மாணவர் ‘தாமரை’ என்பார், ‘நத்தை ஓடு’ என்பார், ‘யின்-யாங்’ என்பார். பிளானில் தாமரை தெரியும். பேருந்துக்குக் காத்திருக்கும் கிழவி எங்கே மூட்டையை இறக்கிவைப்பாள் என்பது மட்டும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் வியட்நாம் நினைவுச்சின்னத்துக்கான போட்டி அறிவிப்பு வகுப்பின் கண்ணில் பட்டது. அதையே கடைசிப் பயிற்சியாக வைத்துக்கொண்டார்கள். போட்டியை நடத்தியது, போரிலிருந்து திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற முன்னாள் வீரர் தொடங்கிய அமைப்பு. நிபந்தனைகள் அதிகமில்லை. இறந்தவர், காணாமற்போனவர் எல்லோருடைய பெயரும் இருக்கவேண்டும். போர் சரியா தவறா என்று சின்னம் எதுவும் சொல்லக்கூடாது. சுற்றியுள்ள பூங்காவோடு ஒத்துப்போகவேண்டும். வருகிறவர் நின்று யோசிக்கும்படி இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாயிரம் பெயர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு வடிவமைப்பது என்றால் என்ன? மாயா லின்னின் கண்முன் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, யேலின் வூல்ஸி மண்டபம். போர்களில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்கள் அங்கே சுவரில் வெட்டப்பட்டிருக்கும். அவர் படிக்க வந்த காலத்தில் வியட்நாமில் இறந்தவர்களின் பெயரைக் கல்தச்சர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தாண்டிப்போகும்போது அந்தப் பெயர்களை விரலால் தொடாமல் இருக்க அவரால் முடிந்ததில்லை. மற்றொன்று, பிரான்சில் தீப்வால் என்ற ஊரில் உள்ள நினைவு வளைவு. முதல் உலகப் போரின் சோம் சண்டைக்களத்தில் உடல்கூடக் கிடைக்காமற்போன 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. அதைப் பற்றிக் கலை வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்கல்லி வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறார். அதைக் கட்டியவர் எட்வின் லட்யன்ஸ், நம் டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே ஆள். இந்தியா கேட்டிலும் 13,000 பெயருக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் ஒரு பெயரையாவது படித்துவிட்டு வருகிறார்கள்? பெயர்கள் தலைக்கு மேலே ஏறிவிட்டன. வளைவு கண்ணை நிறைக்கிறது, பெயர் அதற்கு அலங்காரமாகிவிடுகிறது.

நவம்பர் விடுமுறையில் சக மாணவர்களோடு வாஷிங்டன் போய் இடத்தைப் பார்த்தார் மாயா லின். புல்வெளி, மரங்கள், ஒரு பக்கம் வாஷிங்டன் தூண், இன்னொரு பக்கம் லிங்கன் மண்டபம். அந்த அழகான பூங்காவில் ஒரு கட்டடத்தை நிறுத்த மனம் வரவில்லை என்கிறார். கத்தியை எடுத்து நிலத்தைக் கீறித் திறந்தால் என்ன என்று தோன்றியது. வெட்டுக்காயம் நாளாக ஆற, புல் மூடும். வெட்டிய முகம் மட்டும் தேய்த்த கல்லாக நிற்கும். திரும்பி வந்து கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு மசியலில் முதல் மாடலைச் செய்துபார்த்தார். வகுப்பில் காட்டியபோது, அந்த இரண்டு சுவரும் சேரும் கோணத்துக்கு ஏதாவது பொருள் வேண்டும் என்று விமர்சனம் வந்தது. அதன்பின்தான் ஒரு சுவரின் நுனி வாஷிங்டன் தூணையும் இன்னொன்றின் நுனி லிங்கன் மண்டபத்தையும் சுட்டும்படி ஆயிற்று. வகுப்பில் கிடைத்த தரம் ‘பி’. ஆசிரியரும் அதே போட்டிக்குத் தன் வடிவமைப்பை அனுப்பினார், தேறவில்லை. இந்தத் தகவலைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கென்னவோ அந்த ஆசிரியர்மேல் மரியாதைதான் வருகிறது. சகோதரனைப் பற்றிக் கேட்டவர் அவர்.

போட்டிக்கு அனுப்பிய படங்களை இப்போதும் பார்க்கலாம். மென்மையான பாஸ்டல் வண்ணத்தில், நீலமும் பச்சையுமான வெளியில் ஒரு கறுப்பு முக்கோணம். மனித உருவம் கிடையாது, மரத்துக்கு நிழல் கிடையாது. நம் கல்லூரி ஜூரியில் சுவரில் குத்தியிருந்தால் ‘பிரசென்டேஷன் போதாது’ என்று இரண்டே நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். படத்தோடு கையால் எழுதிய ஒரு பக்கம் இருந்தது. நினைவுச்சின்னத்தை யோசித்ததைவிட அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் அதிக காலம் பிடித்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த இடத்துக்குள் நடந்து போகிறவருக்கு வரிசையாக என்ன நேரும், எங்கே தரை இறங்கும், எங்கே பெயர்கள் தொடங்கும், எங்கே முடியும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் சொல்லும் பக்கம் அது. தத்துவம் கிடையாது. நடையும் பார்வையும் மட்டும்தான்.

நான் சொல்லவந்தது இந்தப் பக்கத்தைப் பற்றித்தான். கட்டடக்கலை மாணவரின் உழைப்பு முழுக்கப் படத்தில் போகிறது. இப்போது கணினி வந்து, மாலை வெயில், ஈரத் தரை, பலூன் பிடித்த குழந்தை எல்லாம் அரைமணியில் வந்துவிடுகின்றன. கூட ஒட்டவேண்டிய குறிப்பைச் சமர்ப்பிக்கும் நாள் விடிகாலையில் யாரோ நண்பர் எழுதிக்கொடுப்பார். அதனால்தான் மதிப்பீட்டுக்கு உட்காரும் எங்களுக்கும் படத்தைத் தாண்டிப் பேச ஒன்றும் கிடைப்பதில்லை. படம் கட்டடத்தின் உருவத்தைச் சொல்லும். அந்த உருவத்தில் எதை மாற்றினால் பரவாயில்லை, எதைத் தொட்டால் எல்லாம் போய்விடும் என்பதைப் படம் சொல்லாது. அதை எழுதத்தான் வேண்டும். எழுத வராவிட்டால், வடிவமைத்தவருக்கே அது இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

போட்டிக்கு மொத்தம் 1,421 படைப்புகள் வந்தன. 18 வயது நிரம்பிய எந்த அமெரிக்கக் குடிமகனும் கலந்துகொள்ளலாம் என்பது விதி. ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தின் விமானக் கொட்டகை ஒன்றில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினார்கள். நடுவர்கள் எட்டுப் பேரும் நடந்து நடந்து பார்த்தார்கள். பலகைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். 232 ஆகக் குறைத்து, பிறகு 39 ஆக்கி, கடைசியில் ஒருமனதாக எடுத்தது 1026-ஆம் எண். உறையைப் பிரித்தால் ஒரு மாணவியின் பெயர், சீன வம்சாவளிப் பெயர். எண்ணுக்குப் பதில் பெயர் இருந்திருந்தால் தான் தேர்வாகியிருக்க மாட்டோம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த விதியை வகுத்தவர்களுக்குத்தான் பாராட்டில் பாதி போகவேண்டும்.

அதன்பின் நடந்தது, எந்தக் கல்லூரியும் கற்றுத்தராத பாடம். 1981 கோடையில் பட்டம் வாங்கிய கையோடு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். பதிவுபெற்ற கட்டடக்கலைஞராக இல்லாததால், கூப்பர்-லெக்கி என்ற உள்ளூர் நிறுவனம் அதிகாரபூர்வக் கட்டடக்கலைஞராக இருக்க, இவர் வடிவமைப்பு ஆலோசகர். படிப்பு முடித்து அலுவலகத்தில் சேரும் பிள்ளைகளுக்கு நம் ஊரில் முதல் வருடம் கிடைப்பது கழிப்பறை டைல்ஸ் படமும் கதவு-ஜன்னல் அட்டவணையும்தான். இவருக்குக் கிடைத்தது ஒரு தேசத்தின் கோபம்.

முதல் இழுபறி, பெயர்களின் வரிசை பற்றியது. அகரவரிசையில் போட்டால் தேடுவது சுலபம் என்றார்கள் முன்னாள் வீரர்கள் சிலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாயா லின் ஒப்பவில்லை. இறந்த தேதி வரிசையில்தான் இருக்கவேண்டும் என்றார். அகரவரிசையில் போட்டால் ஸ்மித் என்று மட்டும் 600-க்கும் மேல் வரும். அந்தக் குவியலில் எந்த ஸ்மித்தும் தனியாள் ஆகமாட்டான். தேதி வரிசையில் போட்டால், ஒரே நாளில் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். திரும்பி வந்த வீரன் தன் நாளைத் தேடிப் போனால், தன் கூட்டாளிகள் அங்கே மொத்தமாக நிற்பார்கள். வாதம் புரிந்ததும் வீரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததால்தான் இருபத்தொரு வயதுப் பெண்ணால் அதைச் சொல்லி நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வரிசை கல்லில் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரண்டு சுவர், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 247 அடி. இரண்டும் சுமார் 125 பாகையில் சேருகின்றன. சேரும் மூலையில் உயரம் பத்தடிக்குச் சற்று அதிகம். இரண்டு நுனியிலும் சில அங்குலமாகச் சரிந்து தரையோடு கலந்துவிடும். மூலையில் வலப்பக்கச் சுவரின் உச்சியில் 1959 என்று தொடங்கி, பெயர்கள் வலக்கோடிவரை ஓடித் தரைக்குள் மறைகின்றன. மறுபடி இடக்கோடியில் மண்ணிலிருந்து கிளம்பி, நடுமூலையை நோக்கி வந்து, வலச்சுவரின் முதல் பலகைக்கு ஒட்டினாற்போல 1975-இல் முடிகின்றன. போரில் முதலில் செத்தவனும் கடைசியில் செத்தவனும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒரு வரிக்கு ஐந்து பெயர். நடுவில் உள்ள பெரிய பலகைகளில் 137 வரி, நுனிப் பலகையில் ஒரே வரி. ஒரே நாளில் இறந்தவர்களுக்குள் மட்டும் அகரவரிசை. பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி இருந்தால் இறப்பு உறுதி, சிலுவைக் குறி இருந்தால் ஆள் அகப்படவில்லை. எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவைமேல் வைரத்தை வெட்டிவிடுகிறார்கள். தேடி வருபவர்களுக்காக வெளியே ஒரு பெயர்ப் புத்தகம் உண்டு. அது அகரவரிசையில்தான் இருக்கிறது. பலகை எண், வரி எண் இரண்டையும் அதில் பார்த்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். வீரர்கள் கேட்ட வசதி கைவிடப்படவில்லை. அதற்கு உரிய இடம் புத்தகம் என்று ஆயிற்று.

எழுத்தின் அளவு அடுத்த விஷயம். நினைவுச்சின்னத்து எழுத்து என்றால் தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பது பொது எண்ணம். இங்கே எழுத்தின் உயரம் 0.53 அங்குலம். புத்தகம் படிப்பதுபோலக் கிட்டே வந்து படிக்கட்டும் என்றே அவ்வளவு சிறிதாக வைத்தார். கிட்டே வந்தால் தேய்த்த கறுப்புக் கல்லில் படிப்பவரின் முகம் தெரியும். இந்தியா கேட்டில் நடக்காதது இங்கே நடப்பதற்கு இந்த அரை அங்குலமும் ஒரு காரணம்.

அந்தக் கறுப்புக் கல் நம் பக்கத்திலிருந்து போனது. கனடாவிலும் ஸ்வீடனிலும் நல்ல கறுப்புக் கிரானைட் உண்டு. ஆனால் படைக்கு ஆளெடுப்பதிலிருந்து தப்பி ஓடியவர்கள் தஞ்சம் புகுந்த நாடுகள் அவை, அந்தக் கல் வேண்டாம் என்று ஆகிவிட்டது. கடைசியில் பெங்களூர்ப் பக்கத்துக் கல் கப்பலேறி, வெர்மான்ட் மாநிலத்து பாரியில் அறுபட்டுத் தேய்க்கப்பட்டு, டென்னஸியின் மெம்பிஸில் பெயர் பொறிக்கப்பட்டு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. கர்நாடகத்துக் கறுப்புக் கல் நம் சமையல் மேடைகளிலும் கிடக்கிறது. அதைத் துடைக்கும்போது முகம் தெரிவது நமக்குப் பழக்கம்தான்.

கறுப்பு என்பதே பிறகு பெரிய சண்டையானது. வாஷிங்டனின் சின்னங்களெல்லாம் வெள்ளை, நிமிர்ந்து நிற்பவை. இது கறுப்பு, கீழே இறங்குகிறது. அவமானத்தின் வெட்டு இது என்று முன்னாள் வீரர் ஒருவர் நுண்கலை ஆணையத்தின் முன்னால் சாட்சி சொன்னார். ஆசியர்களோடு நடந்த போருக்கு ஆசிய முகமுள்ள பெண்ணா சின்னம் வடிப்பது என்ற பேச்சும் எழுந்தது. அவர் பிறந்தது ஒஹையோவில் உள்ள ஏதன்ஸ் என்ற சிற்றூரில். தந்தை மட்பாண்டக் கலைஞர், தாய் கவிஞர், இருவருமே பல்கலைக்கழக ஆசிரியர்கள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? 1982 ஜனவரியில் உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் கட்டுமான அனுமதியை நிறுத்திவைத்தார். சமரசமாக, கொடிக்கம்பம் ஒன்றும் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் சேர்ப்பதென்று முடிவாயிற்று. சிலையைச் சுவர் மூலையிலும் கம்பத்தை அதன் தலைமேலும் நிறுத்தலாம் என்றது முதல் யோசனை. மாயா லின் வெளிப்படையாக எதிர்த்தார். நுண்கலை ஆணையம் இரண்டையும் சற்றுத் தள்ளி மரங்களின் ஓரத்துக்கு மாற்றியது. பிரடெரிக் ஹார்ட் வடித்த சிலை 1984-இல் வந்தது.

சிலை கேட்டவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. செத்த வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி நட்ட வழக்கம் நமக்கும் உண்டு. நம் நடுகற்களில் எழுத்தோடு கூடவே வில்லும் வாளும் ஏந்திய உருவமும் இருக்கும். ஒரு முகம் வேண்டும், கும்பிட ஓர் உருவம் வேண்டும் என்பது பழைய ஆசை. ஆனால் அந்த மூலையில் ஒரு முகத்தை நிறுத்தியிருந்தால், 1959-உம் 1975-உம் சந்திக்கும் இடம் சிலையின் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். மாணவி விட்டுக்கொடுக்காத இடம் சரியான இடம்.

விட்டுக்கொடுத்ததும் உண்டு, நன்மைக்கே. அவர் வரைந்த படத்தில் நடைபாதை கிடையாது. புல்தரை நேராகச் சுவரடிவரை வரும். அழகான எண்ணம்தான். கட்டித் திறந்ததும் கூட்டம் வந்தது, புல் தேய்ந்து சேறாகும் நிலை. கல் பாவிய பாதை போடவேண்டியதாயிற்று. எத்தனை கால்கள் வரும் என்பது ஸ்டூடியோவில் யாருக்கும் தோன்றாத கணக்கு. அதைச் சொல்லிக்கொடுப்பது அலுவலகம், அதைவிட அதிகமாக மழைக்காலம். பாதை வந்ததால் சின்னத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை.

1982 மார்ச்சில் மண் வெட்டத் தொடங்கி, நவம்பர் 13-ஆம் தேதி சுவர் அர்ப்பணிக்கப்பட்டது. வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெயர்களைத் தொட்டார்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப்போனார்கள், சுவரடியில் பூட்ஸ், கடிதம், பதக்கம், பீர் பாட்டில் என்று வைத்துவிட்டுப் போனார்கள். இப்படி விட்டுச்சென்ற பொருள்கள் 4,00,000-க்கும் மேல் சேர்ந்து, தேசியப் பூங்காத் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. இது எந்தப் பிளானிலும் இருந்ததில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகு மாயா லின் செய்தது எனக்குப் பிடித்த காரியம். மறுபடி படிக்கப் போனார். ஹார்வர்டில் சேர்ந்து, சரிப்படாமல் விட்டு, யேலுக்கே திரும்பி 1986-இல் கட்டடக்கலை முதுநிலை முடித்தார். இனி நினைவுச்சின்னமே வேண்டாம் என்று இருந்தவரிடம், அலபாமாவின் மாண்ட்கோமரியில் குடிமை உரிமைப் போராட்டத்தில் இறந்தவர்களுக்கு ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்கள். 1989-இல் திறந்த அந்தச் சின்னம் ஒரு வட்டக் கறுப்புக் கல் மேசை. நடுவிலிருந்து நீர் பொங்கி மேசைமேல் மெல்லிய படலமாக ஓடும். விளிம்பைச் சுற்றிக் கடிகார முள்போல ஒரு வரிசை: 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பில் தொடங்கி, 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையில் முடிகிறது. நடுவில் கொல்லப்பட்டவர்கள் நாற்பதை ஒட்டி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் வட்டத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறார். அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடக்கிறது என்று காட்டுவதற்காக. வாஷிங்டனில் சந்தித்த இரண்டு முனைகளை இங்கே பிரித்து வைத்தார்.

1993-இல் யேலில் ‘பெண்கள் மேசை’. இதுவும் கல், இதன்மேலும் நீர். சுருளாக எண்கள் மட்டும்: ஒவ்வொரு வருடமும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை பெண்கள் படித்தார்கள். ஆரம்பத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று சுற்றிக்கொண்டே போகும். வாக்கியம் ஒன்றும் தேவைப்படவில்லை. வாஷிங்டன் சுவரும் இந்த இரண்டு மேசைகளும் வடிவத்தில் ஒத்திருக்கவில்லை. மூன்றிலும் அவர் வடிவமைத்தது ஒரு வரிசையை: எது முதலில், எது அடுத்து, எங்கே நிறுத்துவது. போட்டிக்கு எழுதிய பக்கத்தில் இருந்தது இதுதான். இளம் கட்டடக்கலைஞர்கள் தங்கள் ‘ஸ்டைல்’ எது என்று தேடி வருடக்கணக்கில் அலைகிறார்கள். வளைவா, வெற்றுச் செங்கல்லா, கான்கிரீட்டா என்று. மாயா லின்னுக்கு அது பொருளிலும் இல்லை, வளைவிலும் இல்லை.

ஒரு கிளைச் செய்தி. அவருடைய தந்தைக்கு வேறு தாய்வழிச் சகோதரியான லின் ஹுயியின், சீனாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர் என்று மதிக்கப்படுபவர். 1924-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குக் கட்டடக்கலை படிக்கப் போனவரை, பெண் என்பதால் அந்தத் துறை சேர்த்துக்கொள்ளவில்லை. நுண்கலைத் துறையில் பெயரைப் பதிந்துகொண்டு கட்டடக்கலைப் பாடங்களைப் படித்தார். பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நிற்கும் மக்கள் வீரர் நினைவுத்தூணின் அடிப்பீட மலர்வளைய வேலைப்பாடு அவர் வரைந்தது. 1955-இல் இறந்தார். மறுக்கப்பட்ட பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் அவர் பெயருக்குக் கொடுத்தது 2024-இல். போரில் இறந்தவர்களுக்கு அத்தை ஒரு தூணுக்கு வரைந்தார், மருமகள் நிலத்தைத் திறந்தார். இருவரும் பார்த்துக்கொண்டதில்லை.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நினைவு மண்டபங்கள் கட்டுவதில் நமக்கு ஆர்வம் குறைவில்லை. ஆனால் பொதுக் கட்டட வேலைக்கு விளம்பரம் வந்தால் அதில் முதலில் இருப்பது கடந்த சில வருட வரவுசெலவுத் தொகை, முடித்த வேலைகளின் மதிப்பு. இருபத்தொரு வயதுக்காரர் வாசல்படிகூட ஏறமுடியாது. எல்லா வேலைக்கும் இல்லாவிட்டாலும், நினைவுச்சின்னம், பூங்கா, ஊர் நூலகம் போன்றவற்றுக்காவது பெயர் மறைத்து எண் மட்டும் போட்ட திறந்த போட்டி வைக்கலாம். கட்டுவதற்கு அனுபவமுள்ள நிறுவனத்தைத் துணைக்கு அமர்த்திக்கொள்ளலாம். வாஷிங்டனில் அப்படித்தான் செய்தார்கள்.

அரசாங்கம் மாறும்வரை கல்லூரிகள் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களே, அடுத்த ஜூரியில் இரண்டு காரியம் செய்துபாருங்கள். ஷீட்டில் மாணவர் பெயரை மறைத்து எண்ணைப் போடுங்கள். சுவரில் குத்துவதற்கு முன், அந்தக் கட்டடத்துக்குள் யார் வருவார், முதலில் எதைப் பார்ப்பார், எங்கே நிற்பார் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் கையால் எழுதித் தரச் சொல்லி, அதை முதலில் படியுங்கள். படத்தை அப்புறம் பார்க்கலாம். இரண்டுக்கும் செலவு ஒன்றும் கிடையாது.